தலையணைக்குள் சூடு

கழுத்துக்கு அடியில் ஏதோ சூடாக இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாயில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுத்ததில் நோய் போய்விட்டது. ஆனால் தாடை எலும்பு ரத்த ஓட்டமில்லாமல் பட்டுப்போக ஆரம்பித்திருந்தது. பெரிய மருத்துவமனையில் பார்த்தவர்கள் இந்தச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே படுக்கவைத்து, கதவை இறுக்கி மூடி, சுத்த ஆக்சிஜனை அழுத்தி நிரப்புவார்கள். மூச்சோடு போகிற ஆக்சிஜன் ரத்தத்தில் கரைந்து, செத்துக்கொண்டிருக்கும் எலும்புவரை எட்டும். சில வாரங்களிலேயே ஈறு மூடத் தொடங்கியிருந்தது. கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர் இப்போது மென்று சாப்பிட்டார். பெட்டியைப் பார்த்தாலே சவப்பெட்டி ஞாபகம் வருகிறது என்று தங்கைதான் புலம்புவாள். அக்காவுக்கு அதில் படுத்தால் தூக்கம் வரும்.

இன்றைக்கும் கண் சொருகிக்கொண்டுதான் வந்தது. வெந்நீர் ஒத்தடம் போலிருந்த சூடு கொஞ்ச நேரத்தில் சுள்ளென்று உறைத்தது.

தூக்கம் பறந்துவிட்டது.

பெட்டியை இயக்கும் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். தலைக்கு எண்ணெய் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, நைலான் கூடாது, பருத்திச் சட்டை மட்டும்தான். மணிக்கட்டில் கட்டுகிற கம்பிப் பட்டைகூட ஒரு பொறி தெறிக்கக்கூடாது என்பதற்காகத்தான். வெளியில் புகைகிற பொருள் உள்ளே குப்பென்று பிடித்துக்கொள்ளும். அழுத்தம் இறங்குகிறவரை கதவையும் திறக்க முடியாது. அன்றைக்கு அதைக் கேட்டுத் தலையாட்டியதோடு சரி. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

தலையை மெல்லத் தூக்கினார். வேகமாக அசையப் பயமாக இருந்தது. தலையணையின் ஓரத்தில் வெள்ளைத் துணி லேசாகப் பழுப்பேறியிருந்தது. பேச நாக்கு எழும்பவில்லை. காதில் பொட்டென்று ஒரு அடைப்பு விட்டது. விரல்களை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார். ஒரு தடவை, இன்னொரு தடவை, அப்புறம் விடாமல்.

அந்தப் பெண்ணின் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்தது. "மூச்சை அடக்காதீங்கம்மா, விட்டுக்கிட்டே இருங்க," என்றது ஒலிபெருக்கி. அழுத்தம் சீறிக்கொண்டு இறங்கியது. தலையைத் தூக்கியபடியே, கழுத்து நரம்பு புடைக்க, இன்ஸ்பெக்டரம்மா மூச்சை விட்டுக்கொண்டே இருந்தார். எத்தனையோ கத்தியைப் பார்த்தவர், ஒரு தலையணையைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா என்று முனகினார்.

கதவு திறந்தது. படுக்கைத் தட்டை இழுத்த வேகத்தில் அந்தப் பெண் தலையணையைப் பிடுங்கி, மூலையிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் வீசினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

*

காலை பத்து மணி வாக்கில் எஸ்.ஐ. வந்தார். இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர். இன்றைக்கும் அவர் முன்னால் உட்காரத் தயங்குவார். தொட்டியிலிருந்து எடுத்ததை மேசைமேல் ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். உள்ளங்கை அளவில் ஒரு துணிப் பொட்டலம், உள்ளே கரிய தூள். குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் கையுறைக்குள் வைத்துக்கொள்கிற சூட்டுப் பொட்டலம். இரும்புத் தூள் காற்றுப் பட்டுச் சூடாகும். சாதாரணக் காற்றில் அது இதமான சூடு. சுத்த ஆக்சிஜனில், அதுவும் அழுத்தத்தில், கொள்ளிக்கட்டை.

இன்ஸ்பெக்டரம்மா நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போர்வையைத் தோள்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வேலையில் இருந்தபோது எத்தனையோ பேர் மிரட்டியதுண்டு. ஆனால் அவர்கள் எல்லாம் எதிரில் வந்து மிரட்டியவர்கள். இது யாரோ சத்தமில்லாமல் வந்து, தலை வைக்கிற இடத்தில் சாவை வைத்துவிட்டுப் போன காரியம். அந்த யாரோ இந்தக் கட்டடத்துக்குள்தான் இன்னும் இருக்கிறான் என்ற நினைப்பில் முதுகு சில்லிட்டது.

எஸ்.ஐ. அரை மணி நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். படுக்கை போட்டது அந்தப் பெண். தலையணையை வைத்தது அந்தப் பெண். போதாததற்கு ஒரு உண்மையை அவள் மறைத்திருந்தாள். அவளுடைய அண்ணனை ஒரு வழிப்பறி வழக்கில் பிடித்து உள்ளே தள்ளியதே இன்ஸ்பெக்டரம்மாதான்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி இருக்கு மேடம்," என்றார் எஸ்.ஐ. "கூட்டிட்டுப் போயிடவா?"

"இரு தம்பி." தாடை வலியில் அவர் எப்போதும் சுருக்கமாகத்தான் பேசுவார். "அவளைக் கூப்பிடு."

அந்தப் பெண் அழுது அழுது கண் வீங்கி வந்தாள். அண்ணன் விஷயம் உண்மைதான் என்றாள். சொன்னால் தன் கையால் சிகிச்சை எடுக்க யோசிப்பார்களே என்று சொல்லாமல் விட்டதாகச் சொன்னாள்.

"தலையணையைச் சோதிச்சியா?"

"அலமாரியில இருந்து எடுக்கறப்பவே அமுக்கிப் பார்த்தேன்மா. ஒண்ணும் இல்ல. காலையில வந்ததும் ரெண்டாவது பெட்டியில படுக்கை போட்டுட்டு, ஒண்ணாவது பெட்டிக்குப் போயிட்டேன்."

"அப்புறம்?"

தினமும் முதல் ஆளைப் படுக்கவைப்பதற்கு முன் இரண்டாவது பெட்டியை ஆளில்லாமல் மூடி, ஆக்சிஜன் நிரப்பிச் சோதனை ஓட்டம் விடுவது வழக்கம் என்று அவள் விளக்கினாள். ஓட விட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். முடிந்ததும் படுக்கையை மறுபடி தடவிப் பார்ப்பாள். இன்றைக்கு, இன்ஸ்பெக்டரம்மா வழக்கமாகப் படுக்கிற ஒன்றாவது பெட்டியின் கதவு ரப்பர் வளையம் கசிந்தது. இன்ஸ்பெக்டரம்மா ஏற்கெனவே உடை மாற்றிக் காத்திருந்தார். சோதனையெல்லாம் வேண்டாம், நேராக இரண்டாவது பெட்டியில் படுக்கவை என்று டாக்டர் மாடியிலிருந்து போனில் சொல்லிவிட்டார்.

"தப்புதான்மா. முடியாதுன்னு சொல்லியிருக்கணும்," என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகைக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னாள். எச்சரிக்கை மணி அடித்தபோது ஆக்சிஜன் சிலிண்டர்தான் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தவருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. தன் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் அவருடைய கவலை. வேலைக்காரர்கள் யாருமே சரியில்லை என்றார். இந்தப் பெண்தான் இப்படி என்றால், முன்னால் டோக்கன் கொடுக்கிற ஆள் அதைவிட மோசம்; குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நேரம் குறிப்பதை மட்டும் மறந்து மறந்து விடுகிறான், மூன்று குடும்பம் திரும்பிப் போய்விட்டது, இன்றைக்கு மத்தியானம் வரவேண்டிய குழந்தையைத் தானே போன் செய்து வரவழைக்க வேண்டியிருந்தது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

டோக்கன் அண்ணன் மேசைக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் நோயாளிகள் எல்லோருக்கும் அவர் அண்ணன் ஆகிவிட்டார். யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை, மேசையை விட்டு நகரவே இல்லை என்று எஸ்.ஐ.யிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல சார்," என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

*

எஸ்.ஐ. ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினார். தங்கை அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பயத்தை எல்லாம் பேச்சாகக் கொட்டினாள்.

"காலையிலேயே சகுனம் சரியில்லக்கா. அந்த டோக்கன் அண்ணன் சொன்னப்பவே திரும்பிப் போயிருக்கலாம். முகம் வாடியிருக்கு, சளி பிடிச்ச மாதிரி இருக்கு, காது அடைச்சுக்கும், நாளைக்கு வாங்கன்னு எவ்வளவு சொன்னாரு. நீதான் கேக்கல. அப்புறம் தண்ணி கொண்டுவர்றேன்னு உன் சட்டையில கொட்டினாரே, அப்பவாவது கிளம்பியிருக்கணும். நீ வேற சட்டை மாத்திக்கிட்டுப் போய்ப் படுத்துட்ட."

"நீ எங்க உக்காந்திருந்த?"

"மாடிப்படிக்குக் கீழ. டாக்டர் இறங்கி வர்றதுக்கே என்னைத்தான் தாண்டணும். மணி அடிச்சப்புறம்தான் வந்தாரு, அதுவும் ஆடி அசைஞ்சு."

இன்ஸ்பெக்டரம்மாவை ஏதோ ஒன்று உறுத்தியது. மணி அடித்தது. அந்தப் பெண்ணும் அழுகைக்கு நடுவில் ஏதோ மணி என்றாள். உள்ளே இருந்தவருக்கு அது கேட்கவில்லை. தான் தட்டினோம், அந்தப் பெண் திறந்தாள். இடையில் மணி எங்கிருந்து வந்தது?

எழுந்தார். தங்கை பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டுப் பெட்டி அறைக்குள் போனார். இரண்டாவது பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் ஓடிவிடலாம் போலிருந்தது. அப்படி ஓடினால் ஒரு பெண் ஜீப்பில் ஏறுவாள்.

படுக்கைத் தட்டில் ஏறிப் படுத்தார். தலையணை இல்லை, கதவு மூடவில்லை. ஆனாலும் உள்ளங்கை வியர்த்து வழிந்தது. அந்தப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார். சூடு. பழுப்பு நிறம். நாக்கு எழவில்லை. அப்புறம்?

அப்புறம் காது.

"ஏம்மா, அழுத்தம் ஏறறப்போ நான் மூக்கைப் பிடிச்சு முழுங்கினாத்தான் காது அடைப்பு விடும். தானா விடறது எப்போ?"

"இறங்கறப்போம்மா. அழுத்தம் குறையறப்போ தானா பொட்டுன்னு விடும்."

"நான் தட்டறதுக்கு முன்னாடியே விட்டுச்சு."

அந்தப் பெண் திகைத்துப் பார்த்தாள். பிறகு வேகவேகமாகச் சொன்னாள். அதைத்தான் காலையிலிருந்து சொல்ல வருகிறாளாம், யாரும் கேட்கவில்லை. ஆக்சிஜன் வரத்து திடீரென்று நின்று எச்சரிக்கை மணி அடித்தது. வரத்து நின்றால் பெட்டிக்குள் அழுத்தம் தானாகச் சரியும். அதைப் பார்த்து அவள் அழுத்தத்தை முழுதாக இறக்கத் தொடங்கிய பிறகுதான் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சிலிண்டர் தீர்ந்துபோச்சா?"

பின்கட்டில் சிலிண்டர் அறைக்குப் போய்ப் பார்த்தார்கள். எல்லாம் நிறைந்திருந்தது. அளவு காட்டும் முள் ஒன்றுகூட இறங்கவில்லை.

"வேற எங்க மூடலாம்?"

"தீப்பிடிச்சா ஆக்சிஜனை வெளியில இருந்தே அடைக்கிறதுக்கு ஒரு சிவப்பு நெம்புகோல் இருக்கும்மா. முன்னாடி ஹால்ல." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "டோக்கன் மேசைக்குப் பின்னால."

*

மேசையருகே எஸ்.ஐ., டாக்டர், தங்கை எல்லோரும் நின்றிருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா டோக்கன் அண்ணனுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போதும் அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

"என்னைக் கொல்ல வந்தவன் யாருன்னு காலையில இருந்து தேடறோம் தம்பி," என்றார் எஸ்.ஐ.யைப் பார்த்து. "அங்கதான் கோட்டை விட்டோம். யாரும் யாரையும் கொல்ல வரல. அந்தப் பொட்டலம் தலைக்கு வச்சது இல்ல. பெட்டிக்கு வச்சது."

எஸ்.ஐ.க்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். தினமும் காலையில் இரண்டாவது பெட்டி ஆளில்லாமல்தான் ஓடும். அந்தப் பெண் ஒன்றாவது பெட்டிக்குப் போன நேரம் பார்த்துத் தலையணைக்குள் பொட்டலத்தை வைத்தவன், ஆளில்லாத அந்த ஓட்டத்தைத்தான் கணக்குப் போட்டான். வெறும் பெட்டி எரிந்து நாசமாகும், விபத்து என்று எழுதி இந்த இடத்தையே மூடிவிடுவார்கள். ஆனால் இன்றைக்குச் சோதனை நடக்காமல் ஓர் ஆளே நேராக உள்ளே போவது அவனுக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. பதறிப்போனான். சளி என்றான், நாளைக்கு வாருங்கள் என்றான், சட்டையில் தண்ணீரைக் கொட்டினான். எதுவும் பலிக்கவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில், அந்தப் பெண் கண்ணில் படாமல் ஆக்சிஜனை அடைத்தான். எல்லோரும் பெட்டி அறைக்கு ஓடிய பிறகு மறுபடி திறந்துவிட்டான்.

"நான் தட்டறதுக்கு முன்னாடியே என் காது திறந்துருச்சு. அதாவது உள்ளே சூடு இருக்குன்னு என்னைத் தவிர இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கு. அதுவும் எனக்கு முன்னாடியே." அவர் டோக்கன் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். "மேசையை விட்டு நகரலன்னு சொன்னீங்க. பொட்டலம் வைக்கப் போனதைத் தவிர அது நிஜம்தான். நெம்புகோல் கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்கு."

அவர் மறுக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"குழந்தைங்களை ஏன் திருப்பி அனுப்புனீங்க?" இன்ஸ்பெக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

சுவரில் பெரிய பலகை ஒன்று இருந்தது. ஆறாத புண், கதிர்வீச்சுப் பாதிப்பு, புகைவாயு மூச்சடைப்பு என்று நியாயமானவற்றில் தொடங்கி, அதற்குக் கீழே புற்றுநோய், மூளை வளர்ச்சி, முதுமை என்று உலகத்திலுள்ள நோயெல்லாம் வரிசையாக இருந்தது. டோக்கன் அண்ணன் அதைக் காட்டினார்.

"என் மகளுக்கு ரத்தப் புற்று. மருந்து கேட்டுச்சு, தேறிக்கிட்டு வந்தா. மருந்துல முடி கொட்டுது, வாந்தி எடுக்கறான்னு என் வீட்டுக்காரி இந்த டாக்டரோட பழைய இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. மருந்தே வேணாம், பெட்டி போதும்னாரு. நான் வெளிநாட்டுல இருந்தேன். அதனாலதான் இவருக்கு என் முகம் தெரியல." பலகையிலிருந்து கண்ணை எடுத்தார். "நான் வந்து சேர்றதுக்குள்ள அவ போயிட்டா. புகார் குடுத்தேன். டாக்டர் கட்டாயப்படுத்தலையேன்னுட்டாங்க. இங்க வேலைக்கு வந்து சேர்ந்தேன். வர்ற குழந்தைங்களை என்னால முடிஞ்சவரைக்கும் திருப்பி அனுப்பினேன். இன்னைக்கு வர்ற குழந்தையை இவரே கூப்பிட்டுட்டாரு. பெட்டி இல்லன்னா என்ன பண்ணுவாருன்னு நெனச்சேன்."

டாக்டர் கத்த ஆரம்பித்தார். எஸ்.ஐ. அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சத்தம் அடங்கியது.

"வெறும் பெட்டிதான் எரியும்னு நெனச்சீங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கண்ணாடி வெடிச்சா? சுவருக்கு அந்தப் பக்கம் கால் புண்ணோட ஒரு லாரி டிரைவர் உக்காந்திருந்தாரு. துணி மடிக்கிற இடத்துல இந்தப் பொண்ணு. உங்க மகளுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏன் சாகணும்?"

டோக்கன் அண்ணன் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் உடைந்தது. அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"நெம்புகோலை மூடினதையும் எழுதிக்கோ தம்பி," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அவர் செஞ்ச குத்தத்தோட சேர்த்து அதையும் எழுது. நான் உயிரோட இருக்கிறதுக்குக் காரணம் அது. அப்புறம் இந்தப் பலகையைக் கழட்டி எடுத்துக்கோ. சோதனை வேணாம்னு டாக்டர் போன்ல சொன்னதையும் விசாரி. டாக்டரும் ஸ்டேஷனுக்கு வரட்டும்."

ஜீப் வந்து நின்றது. டோக்கன் அண்ணன் தானாகவே நடந்து போய் ஏறினார். டாக்டர் வக்கீலுக்குப் போன் போட்டுக்கொண்டே தன் காரில் பின்னால் போனார்.

வீட்டுக்குப் போகலாம் என்று தங்கை கெஞ்சினாள். இன்ஸ்பெக்டரம்மா அசையவில்லை. தாடைக்கு இன்னும் பாதிச் சிகிச்சை பாக்கி இருந்தது. வேறு ஏதாவது மருத்துவமனையில் மறுபடி ஒரு கண்ணாடிக் கதவு மூடும். உள்ளே படுத்திருக்கும்போது தன் நெஞ்சு என்ன பாடுபடும் என்று நினைத்தாலே மூச்சு முட்டியது. போய்த்தான் ஆகவேண்டும். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது டோக்கன் மேசையில் ஆளில்லை. யாராவது ஒருவர் இருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

மத்தியானம் ஒரு இளம் தம்பதி வாசலில் வந்து நின்றார்கள். அப்பாவின் தோளில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வரச் சொன்னார் என்றார் அவர்.

"உக்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மருந்தை நிறுத்தச் சொன்னாரா?"

அந்த அம்மா கணவனைப் பார்த்தாள். பிறகு, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டவள் போலச் சின்னச் சிரிப்போடு சொன்னாள்.

"ஆமாங்க. நேத்தே நிறுத்திட்டோம்."

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"இன்னும் நேரம் இருக்கும்மா," என்றார். "வாங்க, மருந்து குடுத்த பழைய ஆஸ்பத்திரிக்கே போவோம். நானும் கூட வர்றேன்."